குறுக்கீட்டைத் தடுக்க யாருக்கு அதிகாரம்?

சுவாமிமலையில் காவிரி வண்டல் மண்ணாலான அச்சினுள் உருகிய பஞ்சலோகத்தை வார்க்கும் ஸ்தபதி, வாசலில் யார் அழைத்தாலும் ஊற்றுவதை நிறுத்தாதது போலவே, கணினியின் இயக்க முறைமையும் நுட்பமான சில காரியங்களின்போது, விசைப்பலகையும் கடிகாரமும் எழுப்பும் குறுக்கீடுகளுக்குக் க்ஷணநேரம் செவி கொடுப்பதில்லை. அந்த உரிமையைச் சாதாரண நிரல்களுக்கும் அளித்துவிட்டாலோ, ஒரே நிரல் செயலி முழுவதையும் அபகரித்துக்கொள்ளும். டாஸ் என்ற பழைய இயக்க முறைமையின் காலத்தில் இந்த அநர்த்தத்துக்குத் தடையே இருந்ததில்லை. இன்டெல் 1982-இல் வெளியிட்ட 80286 செயலி இதற்குக் காவல் வைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி அனுசரிக்கும் ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலிக் கட்டளை விதிகளின்படியும், குறுக்கீட்டை அனுமதிக்கும் 'எம்.ஐ.இ.' என்ற ஒற்றை பிட்டைப் பயனர் நிரல் தொட முனைந்தால், கட்டளை நிறைவேறாமல் அதிகாரம் இயக்க முறைமையிடம் சென்றுவிடும். இயக்க முறைமை லினக்ஸாயின், அது அந்த நிரலைப் பெரும்பாலும் தாட்சண்யமின்றி முடித்துவிடும். இயக்க முறைமையே உறைந்துபோனால், தனியே ஓடும் 'வாட்ச்டாக்' கடிகாரம், அது பொருத்தப்பட்டுள்ள யந்திரங்களில், கணினியை மறுபடி தொடக்கிவைக்கும்.