"தண்ணி விழுதா?" என்பது பாதிக் கேள்விதான்

திருவேங்கடத்தில் எங்கள் சொந்தக்காரர் யாராவது குற்றாலம் கிளம்பினால் எனக்கு ஒரு போன் வரும். "மாமா, குத்தாலத்துல தண்ணி விழுதா? கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க." சாப்ட்வேர் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் பல வருஷமாக அணை நீர்மட்டத்தையும் மழை அளவையும் பார்த்துவிட்டு "விழுது, போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடும் வீடியோ அன்று எல்லார் போனிலும் வந்தது. என் அக்கா மகன் அதற்கு முந்தின வாரம்தான், நான் "போ" என்று சொல்லி, அதே அருவியில் குளித்துவிட்டு வந்திருந்தான். அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. நான் எதைப் பார்த்துச் சொன்னேன்? அதிலிருந்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

மழை அங்கே, நாம் இங்கே

அருவியில் நிற்பவர் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். வெயில் அடிக்கிறது, மேகம் இல்லை, பயமில்லை என்று நினைக்கிறார். ஆனால் அவர் தலையில் விழும் தண்ணீர், மேலே காட்டுக்குள் அரை மணி நேரத்துக்கு முன்னால் பெய்த மழையாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 லட்சம் லிட்டர். உதாரணத்துக்கு, 10 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கோடி லிட்டர். பாதி மண்ணில் ஊறிப்போனாலும் 25 கோடி லிட்டர் கீழே வந்தாக வேண்டும். அது ஒரு மணி நேரத்தில் வடிந்தால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரிகள் வினாடிக்கு ஆறு வீதம் உங்கள் தலைமேல் கவிழ்வதற்குச் சமம்.

அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? செங்குத்தான ஓடையில் தண்ணீர் வினாடிக்கு 2 முதல் 3 மீட்டர் ஓடினால், 5 கிலோமீட்டரைக் கடக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். அதோடு, நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணிதானே என்று நின்றவரைச் சாய்ப்பது ஆழமல்ல, வேகம்தான்.

எண்கள் எதைச் சொல்லவில்லை

நான் நம்பிய எண்கள் பொய்யில்லை. நான்தான் அவற்றைத் தப்பாகப் படித்தேன். பேப்பரில் வரும் மழை அளவு, காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. இன்று மதியம் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. 6 செ.மீ. மழை நாள் பூராவும் சாரலாக விழுந்தால் குளிக்கச் சுகம். அதே 6 செ.மீ. ஒரு மணி நேரத்தில் கொட்டினால் காட்டாற்று வெள்ளம். பேப்பரில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும்.

அணை மட்டமும் அப்படித்தான். குண்டாறு அணையின் முழுக் கொள்ளளவு 36 அடி. அது நிரம்பி வழிகிறது என்றால் "தண்ணி நல்லா விழும்" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: மலை மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, அடுத்த மழையை அது குடிக்காது, அப்படியே கீழே அனுப்பிவிடும்.

சீசன் என்ற மயக்கம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் சாரல் பெரும்பாலும் நிதானமானது. அப்போதும் மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். ஏப்ரல், மே மாதக் கோடை மழை வேறு ரகம். காலையில் சுள்ளென்று வெயில், மதியத்துக்கு மேல் மலையில் இடியோடு கொட்டல். வடகிழக்குப் பருவத்திலும் இப்படி நடக்கும். சீசன் இல்லை, தண்ணி கம்மியாகத்தான் இருக்கும் என்று அசட்டையாகப் போகிற நாட்கள்தான் இவை.

நான் இப்போது பார்ப்பவை

கிளம்பும் முன் வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கை நிறம். தென்காசிக்கு ஆரஞ்சு என்றால் பேச்சே கிடையாது. பிறகு திருவனந்தபுரம் ராடார் படம்: மேற்குத் தொடர்ச்சி மலை உச்சியில் சிவப்பு, மஞ்சள் திட்டு இருக்கிறதா? அரை மணிக்கு ஒரு தடவை அதைத் திரும்பப் பார்ப்பது. கோடையில் காலையிலேயே குளித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் வெளியே வந்துவிடுவது.

அருவியில் நிற்கும்போது: தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் வர ஆரம்பித்தால், இரைச்சல் மாறினால், பையை எடுக்கக்கூட நிற்காமல் பக்கவாட்டில் மேடேற வேண்டும். தண்ணீர் காரணமில்லாமல் திடீரென்று குறைந்தாலும் அப்படியே. மேலே மரமோ மண்ணோ அடைத்துக்கொண்டிருக்கலாம். போலீஸ்காரர் விசில் அடித்தால், "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்சாதீர்கள்.

குளம் மட்டும் சாதுவா?

இதையெல்லாம் கேட்ட அம்மா, "அருவியே வேண்டாம், பேசாம நம்மூர்க் குளத்துல குளிங்க" என்றாள். அங்கேயும் இதே தப்புத்தான் காத்திருக்கிறது: கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரை மட்டும் பார்ப்பது. கோடையில் கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள், குளம் பெருகியதும் மறைந்துவிடும். இடுப்பளவில் நடந்து போகிறவன் அடுத்த எட்டில் ஆளாழத்தில் இருப்பான். திறந்த மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும். மறுகால் பாயும் இடத்தில் பாசி வழுக்கும். வறண்டு கிடந்த நாளில் குளத்தைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்பதுதான் அங்கே நமக்கு ராடார்.

போன மே மாதம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பினோம். தென்காசியில் டீ குடிக்கும்போது ராடாரில் மலைமேல் சிவப்புத் திட்டு. வேனைத் திருப்பச் சொன்னேன். பிள்ளைகள் அழுதார்கள். அக்கா, "ஏலே, உன் போனை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?" என்றாள். அன்று வெள்ளம் எதுவும் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் என்னைக் கேலி செய்தார்கள்.

இந்த முறையில் உள்ள சிக்கலே அதுதான். பத்தில் ஒன்பது தடவை நாம் முட்டாளாகத்தான் தெரிவோம். பத்தாவது எது என்று முன்கூட்டியே சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. அக்கா மகன் இப்போதெல்லாம் போனில் "தண்ணி விழுதா?" என்று கேட்பதில்லை. "மலைல மழை எப்படி மாமா?" என்கிறான். அது போதும்.