மாலையா, கூலியா?

செத்தவர் பெயரால் விழா எடுப்பது எளிது. படத்துக்கு மாலை சூட்டுவது அதைவிட எளிது. ஏனெனில், செத்தவர் எழுந்து வந்து, "என் கூலி பாக்கி எங்கே?" என்று கேட்கப் போவதில்லை!

அமெரிக்க நாட்டிலே, ஜாஸ் இசை மேதைகளின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் அஞ்சலிக் கச்சேரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழும் எண்ணம் இதுதான். அந்தக் கச்சேரிகள் கூடாது என்பதல்ல நம் வாதம். வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் அஞ்சலி எது, அலங்காரம் எது என்று பிரித்தறியும் உரிமை, பாடுபட்டுப் பிழைக்கும் எவருக்கும் உண்டு அல்லவா?

ஜாஸ் என்பது அரண்மனையில் பிறந்த இசையல்ல. அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் தெருக்களிலும் மதுக்கடைகளிலும் வளர்த்த இசை. பருத்திக் காட்டின் பாட்டும், மாதா கோயில் பாட்டும், சவ ஊர்வலத்துப் பேண்டு வாத்தியமும் கலந்து உருவான இசை. உழைப்பாளி பெற்ற பிள்ளை அது. அதனால்தான் அதன் கதை நமக்கும் உரிய கதை.

பெஸ்ஸி ஸ்மித் என்றொரு பாடகி. டென்னஸி மாநிலத்துச் சாட்டனூகா நகரில், பெற்றோரை இழந்த ஏழைச் சிறுமியாகத் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர். 1923-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடத் தொடங்கினார். முதல் இசைத்தட்டே பல லட்சம் விற்றது. மொத்தம் 160 பாடல்கள் அந்தக் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். 'புளூஸ்' என்னும் துயர்ப்பாட்டின் பேரரசி என்று நாடே அவரைக் கொண்டாடியது.

பேரரசிக்குக் கிடைத்தது என்ன? பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை எண்ணிக் கொடுத்த கூலி! விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு உண்டா என்றால், இல்லை. பாடியவர் வாங்கியது நாட்கூலி. விற்றவர் வாங்கியது வாழ்நாள் கூலி. 1931-இல், நாடு பொருளாதார மந்தத்தில் தத்தளித்தபோது, கம்பெனி அவரைக் கைவிட்டது. 1933-இல் மீண்டும் ஒருமுறை ஒலிப்பதிவுக்கு அழைத்தார்கள். நான்கு பாட்டு, பாட்டுக்கு 37 டாலர் 50 சென்ட். அதுவே அவருடைய கடைசி ஒலிப்பதிவு.

1937 செப்டம்பர் 26 அன்று, மிசிசிப்பி மாநிலச் சாலையில் நேர்ந்த மோட்டார் விபத்தில் பெஸ்ஸி மாண்டார். வெள்ளையர் ஆஸ்பத்திரி அவரைச் சேர்க்க மறுத்தது, அதனால் உயிர் போயிற்று என்று ஒரு செய்தி அன்று உலகெங்கும் பரவியது. அது உண்மையல்ல என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். நேராகக் கறுப்பர் ஆஸ்பத்திரிக்கே அவரைக் கொண்டு போனார்கள். நம் பக்கத்துக்கு வலுச்சேர்க்கும் கதை என்பதற்காக நாம் பொய்யைச் சுமக்க வேண்டியதில்லை. உண்மையே போதுமே! ஒரே ஊரில் வெள்ளையருக்கு ஓர் ஆஸ்பத்திரி, கறுப்பருக்கு ஓர் ஆஸ்பத்திரி. இந்த ஒரு வரி போதாதா, அந்தச் சமுதாயத்தைக் குற்றக் கூண்டில் நிறுத்த?

மறு ஆண்டு, 1938 டிசம்பர் 23. நியூயார்க் நகரின் புகழ்பெற்ற கார்னகி மண்டபம். பெஸ்ஸி ஸ்மித்தின் நினைவுக்குக் காணிக்கை என்று அறிவித்து ஒரு மாபெரும் கச்சேரி நடந்தது. கூட்டியவர் ஜான் ஹாமண்ட் என்னும் வெள்ளையர். செல்வக் குடும்பத்துப் பிள்ளை. கறுப்பின மக்களின் இசை வரலாற்றை ஒரே இரவில் மேடையேற்ற வேண்டும் என்பது அவர் திட்டம். பணம் கொடுக்க ஆளில்லை. கடைசியில் 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரி ஏடு செலவை ஏற்றது.

கவுண்ட் பேசி தம் வாத்தியக் குழுவோடு வந்தார். ரோசெட்டா தார்ப் கிதாரோடு பக்திப் பாட்டுப் பாடினார். ராபர்ட் ஜான்சன் என்ற கிதார் கலைஞரைத் தேடினார்கள். அவரோ சில மாதங்களுக்கு முன்பே மாண்டிருந்தார். ஆளில்லாத மேடையில் அவருடைய இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். கீழே, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மண்டபத்தில் கலந்து அமர்ந்து கேட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணக் காட்சியல்ல. அந்த வகையில் அது மெய்யான அஞ்சலி. நாம் மறுக்கவில்லை; மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இதையும் கேளுங்கள், தோழர்களே! அந்த மண்டபத்தில் கைதட்டல் அதிர்ந்த அதே இரவில், பென்சில்வேனியா மாநிலத்து இடுகாட்டில், பெஸ்ஸியின் புதைகுழி மீது ஒரு கல் கூட இல்லை. மறு ஆண்டும் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. 1970 ஆகஸ்ட் 7 அன்றுதான் கல் நட்டார்கள். ஏறத்தாழ 33 ஆண்டுகள்! நட்டவர் யார்? அவர் குரலை விற்றுக் கொழித்த கம்பெனியா? இல்லை. ஜானிஸ் ஜாப்ளின் என்ற இளம் பாடகியும், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். பாடியவளை நினைத்தவர்கள் இன்னொரு பாடகியும், வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணும்தான். இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

பில்லி ஹாலிடேயின் கதை இன்னொரு வகை. 1947-இல் போதைமருந்து வழக்கில் சிறை சென்றார். 1948 மார்ச்சில் விடுதலையாகி, சில நாட்களிலேயே கார்னகி மண்டபத்தில் பாடினார். டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அதே நியூயார்க்கில், மது விற்கும் விடுதி ஒன்றில் கூட அவர் பாட முடியாது! ஏனாம்? அத்தகைய இடங்களில் வேலை செய்யப் போலீஸ் இலாகா தரும் அனுமதி அட்டை வேண்டும். அவருக்கு அது மறுக்கப்பட்டது. விடுதிகள்தாம் ஜாஸ் பாடகிக்கு அன்றாடம் சோறு போட்ட இடங்கள். ஆண்டுக்கொரு நாள் மாளிகையில் ஆரவாரம். மற்ற நாளெல்லாம் வயிற்றில் அடி!

1959 ஜூலை 17 அன்று, 44-ஆம் வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைதியாக அவர் கண் மூடினார். பாங்கியில் அவர் கணக்கில் இருந்தது 70 சென்ட். அந்த அட்டை முறை ஒழிந்ததோ 1967-இல். அவர் போய் எட்டு ஆண்டுகள் கழித்து. 2015-இல் அவருக்கு நூற்றாண்டு வந்தது. பல நகரங்களில் அவர் நினைவாகக் கச்சேரிகள் நடந்தன. கேட்டவர் கண் கலங்கினர். கலங்கட்டும், நல்லதே. ஆனால் உயிரோடிருந்தபோது அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அதுவன்றோ அஞ்சலி!

அப்படியானால் கலைஞனுக்கு விமோசனம் எப்படி வந்தது? புரவலர் கண் திறந்தா? அல்ல. வாத்தியக்காரரும் தொழிலாளியே என்று உணர்ந்து, சங்கமாகச் சேர்ந்தபோது வந்தது. 1942 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஜேம்ஸ் பெட்ரில்லோவின் தலைமையில் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. "இசைத்தட்டு ஒரு தடவை பதிவாகிறது, ஓராயிரம் தடவை ஒலிக்கிறது. அது ஒலிக்கும் இடமெல்லாம் எங்கள் ஆட்களுக்கு வேலை போகிறது. அதற்கு ஈடு வேண்டும்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

யுத்த காலத்தில் இப்படியா என்று தூற்றினார்கள். சங்கம் அசையவில்லை. 1943 செப்டம்பரில் டெக்கா கம்பெனி பணிந்தது. 1944 நவம்பரில், பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. பெஸ்ஸிக்கு விற்பனையில் பங்கு கொடுக்க மறுத்த அதே கொலம்பியா! விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை நிதியில் சேர்ந்தது. வேலையற்ற கலைஞர்களுக்கு அந்த நிதியிலிருந்து கூலி கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். கேட்பவனுக்கு இலவசம், வாசிப்பவனுக்குக் கூலி! இதல்லவா இசைக்குச் செய்யும் மரியாதை!

இன்னொன்றும் சொல்லி முடிப்போம். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லஸ்பி, 1993 ஜனவரி 6 அன்று நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் ஆஸ்பத்திரியில் மறைந்தார். சாகுந்தறுவாயில் அவர் கேட்டது சிலையல்ல, மணிமண்டபமல்ல. மருத்துவத்துக்குப் பணமில்லாத சக கலைஞர்களுக்கு வைத்தியம் பார்க்க வழி செய்யுங்கள் என்றுதான் கேட்டார். அவர் பெயரால் அங்கே நிதி எழுந்தது. 1989-இல் தொடங்கிய அமெரிக்க ஜாஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து, வசதியற்ற கலைஞர்களுக்கு அங்கே இலவச மருத்துவம் செய்யப்பட்டது. அறக்கட்டளை நடத்திய கச்சேரிகளில் திரண்ட பணம், முதிய கலைஞர்களின் வீட்டு வாடகைக்கும் போயிற்று. 2005-இல் புயல்வெள்ளம் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது, அகதிகளாய் நின்ற வாத்தியக்காரர்களுக்குப் பிச்சை போடாமல், கச்சேரி கொடுத்துக் கூலி கொடுத்தார்கள்.

ஆகவே, அஞ்சலிக் கச்சேரி எங்கு நடந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இன்றிரவு மேடையில் வாசிப்பவனுக்குச் சரியான கூலி உண்டா? அந்த இசையைப் பெற்றெடுத்த ஏழைக்கு மண்டபத்தில் இடம் உண்டா? திரளும் பணத்தில், நோயாளிக் கலைஞனுக்கு ஒரு பங்கு உண்டா?

மூன்றுக்கும் 'உண்டு' என்று பதில் வந்தால், அது அஞ்சலி. முதலில் நாமே எழுந்து நின்று கைதட்டுவோம். 'இல்லை' என்றால்? மாலை வாடிவிடும், பாக்கி நிற்கும்.