மோட்டார் தானாக நின்றால்...

ஜொகூரில் செம்பனை ஆலையுள்ள தோட்டமானாலும் சரி, தண்ணீர் பம்பு மட்டும் ஓடுகிற தோட்டமானாலும் சரி, இது புதிதல்ல. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று நிற்கும். கரண்டு இருக்கும், பியூசும் போயிருக்காது. "மோட்டார் அவுட்டுப்பா" என்பார் ஒருவர். இன்னொருவர் மூடியைத் திறந்து கையை விடப் போவார். அந்தக் கையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

நின்றதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். கன்வேயரில் குலைக் காம்போ கல்லோ சிக்கினால் மோட்டார் முக்கி முக்கி இழுக்கும். மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும் அதே கதிதான். கரண்டு கூடும், உள்ளேயிருக்கும் செம்புக் கம்பிச் சுருள் கொதிக்கும். கம்பியின் மேல்பூச்சு கருகிவிட்டால் மோட்டார் தீர்ந்தது.

கருகுமுன் கரண்டை வெட்டத்தான் உள்ளே ஒரு வெப்ப சுவிட்சு வைக்கிறார்கள். இரண்டு உலோகங்களை ஒட்டிய, சற்றுக் குழிந்த சிறு வில்லை அது. சூட்டில் ஒரு உலோகம் அதிகம் விரியும், மற்றது அவ்வளவு விரியாது. குறிப்பிட்ட சூட்டில் வில்லை 'டக்'கென்று மறுபக்கம் புரளும், கரண்டு நிற்கும்.

இதைச் செய்தவர் கதை நம் பாய்லர்காரர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து மர ஆலையொன்றில் பாய்லர் பார்த்தவர் ஜான் ஸ்பென்சர். நம் ஆலைகளில் நாரும் ஓடும் தள்ளி எரிக்கிறார்களே, அவர்களைப்போல நெருப்போடு நின்றவர். அடுப்புக் கதவுத் தகடு சூட்டில் புடைப்பதையும், நெருப்பு தணிந்தால் சத்தத்தோடு அமுங்குவதையும் கவனித்தார். சத்தம் கேட்டால் விறகு போடுவார். அதையே சிறு வில்லையாக்கி 1920களில் சுவிட்சு செய்தார்.

சரி, ஆபத்து எங்கே? ஆறினதும் அந்த வில்லை பழையபடி புரண்டுவிடும். சில மோட்டார்களில் ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். சிலவற்றில் யாரும் தொடாமலே தானாக ஓடும். எந்த வகை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சிக்கிய குலையை எடுக்கக் கை உள்ளே இருக்கும்போது அது ஓடினால்?

ஆகவே நின்ற மோட்டாரைச் செத்த மோட்டாரென்று நம்ப வேண்டாம். முதலில் மெயின் சுவிட்சை அடைத்துப் பூட்டுங்கள், 'ஆள் வேலையில்' என்று அட்டை மாட்டுங்கள். பிறகு சார்ஜ்மேனைக் கூப்பிடுங்கள். மண்டோர் அவசரப்படுத்தினாலும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சுருள் இன்னும் கொதிக்கும்.

வீட்டு மேசை விசிறிகள் பலவற்றில் இருப்பது வேறு வகை: ஒரே தரம் அறுந்துபோகும் சிறு பியூஸ். அதை எடுத்துவிட்டு வெறும் கம்பியை முறுக்கிவிடும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். அதே அளவுள்ள பியூஸையே கேட்டு வாங்கிப் போடுங்கள்; விலை சொற்பம்தான்.