ஒரு கிளை சேர்த்தா மொத்த மரமும் கலையுதா? லேடெக்கில் வழி இருக்கு!

நாளைக்கு தீசிஸ் சமர்ப்பிக்கணும். 'இந்த மர வரைபடத்துல இன்னொரு கிளை சேருங்க' என்கிறார் கைடு. மவுஸால் வரைந்த படம் என்றால் எல்லாப் பெட்டிகளையும் நகர்த்தணும். ராத்திரி தூக்கம் போச்சு!

லேடெக்கில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டில் டான்டவ் உருவாக்கிய 'டிக்ஸ்' என்ற பெயரின் ஜெர்மன் விரிவாக்கமே, 'டிக்ஸ் ஒரு வரையும் மென்பொருள் அல்ல' என்பதுதான். இதில் நாம் வரைவதில்லை. எது எதோடு சேரும் என்று எழுதுகிறோம்.

மரம் வேணுமா? டிக்ஸ் மேல் இயங்கும் 'ஃபாரஸ்ட்' தொகுப்பில் இப்படி எழுதினால் போதும்:

[வாக்கியம் [எழுவாய்] [பயனிலை]]

கோடு, இடைவெளி எல்லாம் அதுவே பார்த்துக்கும்.

வலைப்பின்னல் மாதிரி கிராஃப் என்றால், டிக்ஸின் 'கிராஃப் டிராயிங்' வசதி முனைகளைத் தானே அடுக்கும். ஆனா, லுவாலேடெக்கில் கம்பைல் செய்யணும்.

கைடு கேட்ட அந்தக் கிளை? ஒரு ஜோடி அடைப்புக்குறி, அவ்வளவுதான். நிம்மதியா தூங்குங்க!