மலையைக் குடைந்து வரும் தண்ணீர்

நம் வீட்டுக் குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வருகிறது. குழாயடியில் வாளிகளை வரிசையாக வைத்துக் காத்திருந்த நாள்கள் நம் பெற்றோருக்கு நினைவிருக்கும். அத்தண்ணீர் நம்மை வந்தடைய மனிதன் மலைகளையும் குடைய வேண்டியுள்ளது. அதற்குச் சிறந்த சான்று நம் நாட்டிலேயே உள்ளது.

பகாங் மாநிலத்துச் செமந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டுவர, தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. அதன் விட்டம் 5.2 மீட்டர். சில இடங்களில் அதற்கு மேலே 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்திற்கு மலை நிற்கிறது. நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் நீரைக் கொண்டு செல்லும் அளவுக்கு அது திட்டமிடப்பட்டது.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே முனையிலிருந்து நாளொன்றுக்குப் பத்து மீட்டர் குடைந்தால் 4,460 நாள்கள், அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஏழு முனைகளில் ஒரே வேளையில் சமமாகக் குடைந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். தோட்டத்தில் ஆளுக்கொரு நிரையாகப் பிரித்துப் பால் வெட்டுவதும் இந்த முறையே அன்றோ!

பொறியியலாளர்கள் இச்சுரங்கத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தனர். நீண்ட மூன்று பகுதிகளில் மூன்று குடைவு இயந்திரங்கள் இறங்கின. அவை ஏறக்குறைய 35 கிலோமீட்டரைக் குடைந்தன. இயந்திரத்தின் முகப்பில் உருண்டையான எஃகுத் தகடுகள் உள்ளன. முகப்பு சுழலும்போது அத்தகடுகள் பாறையை அழுத்திச் சில்லுகளாகப் பெயர்க்கின்றன. இயந்திரம் தன் இரு பக்கத்துப் பிடிகளால் சுரங்கச் சுவரைப் பற்றிக்கொண்டு, முகப்பை முன்னே தள்ளுகிறது. உடைந்த கற்களை ஓடும் பட்டை வெளியே கொண்டு செல்கிறது.

நான்கு பகுதிகளில் வெடி வைக்கும் முறை கையாளப்பட்டது. பாறையில் துளையிட்டு, வெடிமருந்து வைத்து, வெடித்தபின் புகையை வெளியேற்றிக் கற்களை அள்ளுவர். பின்னர்ச் சுவரில் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி, இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி உறுதிப்படுத்துவர். எஞ்சிய சிறு பகுதி மேலிருந்து தோண்டி மூடப்பட்டது.

இயந்திரம் வலியதாயிருந்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. கற்களை அள்ளுவது தாமதித்தால் குடைவதும் நின்றுவிடும். தேய்ந்த தகடுகளை உடனுக்குடன் மாற்ற வேண்டும். மலைக்குள் சில இடங்களில் பாறையின் வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அங்கே உழைத்தவர்களுக்குக் குளிர்ந்த காற்றையும் இடைவிடாது அனுப்ப வேண்டியிருந்தது. காற்று நின்றால் வேலை நிற்கும், உயிருக்கும் ஆபத்து. அளவை தவறினால் இருபுறமும் வரும் சுரங்கங்கள் ஒன்றையொன்று சந்திக்கமாட்டா. இத்தனையையும் ஒழுங்குடன் செய்து, 2014ஆம் ஆண்டில் குடைந்து முடித்தனர்.

ஆகவே, பெரிய பணியை விரைந்து முடிக்கும் வழி, அதைப் பகுத்துக்கொண்டு, அவரவர் பங்கைத் தவறாமல் செய்வதேயாகும் என்பதை அறிவோம். பலருடைய வியர்வையால் மலையைத் தாண்டி வரும் நீரை ஒரு துளியும் வீணாக்காமல் காப்போமாக!