கார் ஏ.சி. கேஸ் தீராது... கசியும்!

தொடர் விடுமுறையின் கடைசி நாள். ஊரிலிருந்து சென்னை திரும்பும் வழியில், பரனூர் சுங்கச்சாவடி தாண்டும்வரை கார் ஏ.சி. ஜில்லென்றுதான் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றதும், பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது. “அப்பா, சூடா காத்து வருது!”

மறுநாள் மெக்கானிக், “கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்” என்கிறார். பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே சூடு. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறதா?

ஏ.சி. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. கம்ப்ரஸர், கண்டென்ஸர், எவாப்பரேட்டர் என்று மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியே பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். சில மாதங்களிலேயே குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

அறிகுறி என்ன சொல்கிறது?

* ஓடும்போது குளிர்ச்சி, டிராஃபிக்கில் நின்றால் சூடு: முதலில் கண்டென்ஸர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது அந்த ஃபேன்தான் செய்ய வேண்டும். மேலே சொன்ன காரில் கோளாறு இதுவாகவே இருக்கலாம்.
* காற்று குறைவாக வருகிறது: கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பல கார்களில் இது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். நாமே கழற்றிப் பார்க்கலாம்.
* ஈர வாடை: எவாப்பரேட்டரில் பூஞ்சை பிடித்திருக்கலாம். சேரும் இடத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு ஏ.சி-யை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காயும்.
* காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயம் வேண்டாம், அது இயல்பு. கால்மிதியில் தண்ணீர் நின்றால், வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் ஏற்றும் முன்...

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தத்தில் சோதிக்கலாம்; ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் பார்க்கலாம். இணைப்புகளில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அதுவும் துப்புதான். சரிசெய்த பிறகு வேக்யூம் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். அதன்பின் எடைபோட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட் ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்களில் அது அரை கிலோவைக்கூடத் தொடாது. “கொஞ்சம் கூடவே போடுங்க” என்று கேட்காதீர்கள். அளவு கூடினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும்.

குறைந்த கேஸிலேயே ஓட்டுவதும் ஆபத்து. கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் பயணிக்கிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் சரியாகப் போய்ச் சேராது. முடிவில் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டிவரும். செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

கசிந்த கேஸ் எங்கே போகிறது?

பழைய கார்களில் இருந்த ஆர்-12 கேஸ், ஓசோன் படலத்தை அரித்தது. 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. அதனால் இதையும் படிப்படியாகக் குறைக்க, 2016-ல் கிகாலி நகரில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஒவ்வொரு வெயில் காலமும் நாம் ஏற்றி, ஏற்றிக் கசியவிடும் கேஸ், அடுத்த கத்திரி வெயிலுக்கும் கொஞ்சம் சூடு சேர்க்கிறது.

அடுத்த முறை மெக்கானிக் “கேஸ் கம்மியா இருக்கு” என்றால், பர்ஸை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கே கசியுது அண்ணே?”