கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் பரீட்சை உண்டு!



பரீட்சைன்னு சொன்னாலே நமக்கு வயித்தைக் கலக்கும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, நடுவுல மிஸ் வைக்கிற டெஸ்ட்டுகள் வேற. ஆனா ஒரே நாள்ல நூறு தடவைகூட பரீட்சை எழுதுற ஒருத்தர் இருக்கார். அவருக்குப் பயமும் கிடையாது, தூக்கமும் கிடையாது. அவர்தான் கம்ப்யூட்டர் புரோகிராம். அவருக்கு யார் பரீட்சை வைக்கிறாங்க, எப்போ வைக்கிறாங்க, எதுக்காக வைக்கிறாங்க என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

முதலில் டெஸ்ட் என்றால் என்ன?

மார்க் லிஸ்ட் போடுகிற ஒரு சின்ன புரோகிராமை எடுத்துக்குவோம். மார்க்கைக் குடுத்தா பாஸா, பெயிலான்னு அது சொல்லணும். பாஸ் மார்க் 35. இது சரியா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நமக்குப் பதில் தெரிஞ்ச கேள்விகளையே அதுகிட்ட கேக்கணும்.

0 குடுத்தா: பெயில்
34 குடுத்தா: பெயில்
35 குடுத்தா: பாஸ்
100 குடுத்தா: பாஸ்
பரீட்சைக்கு வரலைன்னா: ஆப்சென்ட்

இந்த அஞ்சு கேள்வி பதிலையும் தனியா ஒரு ஃபைலில் எழுதி வெச்சுடணும். இதுதான் கேள்வித்தாள், இதுதான் விடைக்குறிப்பும். இதைப் புரோகிராமுக்குக் குடுத்து, வர்ற பதிலையும் வரவேண்டிய பதிலையும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு புரோகிராம் இருக்கு. பைத்தான் மொழிக்கு பைடெஸ்ட், ஜாவா மொழிக்கு ஜேயூனிட், ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜெஸ்ட். எல்லாமே காசு குடுக்காமல் கிடைப்பவை. இதில் ஜேயூனிட்டை கென்ட் பெக், எரிக் காமா என்ற இரண்டு பேர் 1997ஆம் ஆண்டு ஒரு விமானப் பயணத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்களாம்! பதில் எல்லாம் சரியா இருந்தா பச்சை நிறம் காட்டும். ஒண்ணு தப்பா இருந்தாலும் சிவப்பு காட்டும்.

ஒரு தடவை பாஸானா போதாதா?

போதாது. இதுதான் முக்கியமான விஷயம். நாம எட்டாவது பாஸ் பண்ணினா பண்ணினதுதான், யாரும் திரும்ப எழுதச் சொல்ல மாட்டாங்க. ஆனா புரோகிராம் அப்படியே இருக்கிறதில்லை. இன்னிக்கு ஒரு வரி சேர்ப்பாங்க, நாளைக்கு ஒரு வரி எடுப்பாங்க. ஜாக்கெட்டுல கைப்பக்கம் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சா தோள்பட்டையில இழுக்கும் இல்லையா? அதனாலதானே பிரிச்சுத் தைக்கிற ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாக்கிறோம். புரோகிராமும் அப்படித்தான். ஒரு இடத்தில் கை வெச்சா, சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியிற இன்னொரு இடம் கெட்டுப்போகும்.

எங்க கம்ப்யூட்டர் மிஸ் லேபில் இதைச் செய்தே காட்டினாங்க. மேலே சொன்ன பாஸ், பெயில் புரோகிராமில் "35 அல்லது அதுக்கு மேல" என்பதை >= என்ற குறியால் எழுதியிருந்தது. மிஸ் அதிலிருந்து சமக்குறியை மட்டும் அழிச்சு சேவ் பண்ணினாங்க. இப்போ அது "35க்கு மேல" என்று ஆகிவிட்டது. பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியலை. 34க்கு பெயில், 36க்கு பாஸ், எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா சரியா 35 வாங்கின பிள்ளை மட்டும் பெயில்! ராத்திரி பகலா படிச்சு எட்டிப்பிடிச்ச 35, ஒரு சின்னக் கோடு இல்லாததால் போய்விடும். மிஸ் சேவ் பண்ணிட்டுக் கையை எடுக்கிறதுக்குள்ள திரையில் சிவப்பு வந்துவிட்டது. "35 குடுத்தேன், பாஸ் வரணும், பெயில் வந்துருக்கு" என்று எந்தக் கேள்வியில் தப்பு என்பதையும் சேர்த்துக் காட்டியது. சமக்குறியைத் திரும்பப் போட்டு சேவ் பண்ணினதும் பச்சை. மிஸ் டெஸ்ட்டை ஓட்டச் சொல்லி எந்த பட்டனையும் அழுத்தவில்லை.

பட்டன் அழுத்தாமல் எப்படித் தெரிந்தது?

நாம ஃபைலை சேவ் பண்ணும்போதெல்லாம் கடைசியா மாத்தின நேரத்தைக் கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சுக்கும். இந்த நேரத்தை வெச்சு வேலை பார்க்கிற பழக்கம் ரொம்பப் பழசு. 1976இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்பவர் 'மேக்' என்ற புரோகிராமை எழுதினார். அவருடைய நண்பர் ஒருவர் தப்பைச் சரிபண்ணிவிட்டார், ஆனால் சரிபண்ணின ஃபைலைத் திரும்பக் கம்பைல் பண்ணாமல் விட்டுவிட்டார். அதனால் சரியா இருக்கிற புரோகிராமிலேயே காலை முழுக்கத் தப்பைத் தேடிக்கிட்டிருந்தாராம்! அந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் மேக் பிறந்தது. எந்த ஃபைல் புதுசா மாறியிருக்குன்னு நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சு, அதுக்கு வேண்டிய வேலையை மட்டும் மேக் செய்யும். ஆனா மேக்கையும் நாமதான் கூப்பிடணும். கூப்பிடாமலே வேலை நடக்கணும்னா ரெண்டு வழி இருக்கு.

நம்ம தெருக்குழாயையே நினைச்சுக்கோங்க. தண்ணி வந்துருச்சான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடி ஓடிப் பாக்கறது முதல் வழி. கம்ப்யூட்டரும் செகண்டுக்கு ஒரு தரம் எல்லா ஃபைலோட நேரத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். வேலை நடக்கும், ஆனா ஆயிரக்கணக்கான ஃபைல் இருந்தா அலைச்சல் அதிகம்.

ரெண்டாவது வழி, குழாய்க்குப் பக்கத்து வீட்டுல "தண்ணி வந்தா ஒரு குரல் குடுங்க அக்கா"ன்னு சொல்லிட்டு நம்ம வேலையைப் பாக்கறது. கம்ப்யூட்டரில் அந்த அக்கா யாருன்னா, ஆப்பரேட்டிங் சிஸ்டம். எந்த ஃபைலை யார் சேவ் பண்ணினாலும் அது வழியாத்தானே போகணும்? அதனால் அதுக்கு உடனே தெரியும். லினக்ஸில் இப்படிக் குரல் குடுக்கிற வசதிக்கு 'ஐநோட்டிஃபை' என்று பெயர். 2005இல் சேர்க்கப்பட்டது.

குரல் கேட்டதும் உடனே டெஸ்ட்டை ஓட்ட மாட்டாங்க. ஒரு கண் சிமிட்டும் நேரம் பொறுப்பாங்க. ஏன்னா சில நேரம் பத்து ஃபைல் ஒண்ணா மாறும். பத்துக்கும் பத்து தடவை ஓட்டினா வீண். எல்லாம் அடங்கினதும் ஒரே தடவை ஓட்டும். அதிலும் மாறின ஃபைலோடு சம்பந்தப்பட்ட டெஸ்ட்டுகளை மட்டும் ஓட்டுகிற வசதி ஜெஸ்ட் மாதிரி கருவிகளில் இருக்கு. கணக்கு நோட்டைத் திருத்தினா கணக்குப் பரீட்சை மட்டும் வெச்சா போதும்தானே?

இதனால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் சாஃப், மைக்கேல் எர்ன்ஸ்ட் என்ற இருவர் மாணவர்களை வைத்தே ஒரு ஆராய்ச்சி செய்து 2004இல் வெளியிட்டார்கள். சில மாணவர்களுக்கு டெஸ்ட் தானாகவே ஓடுகிற கருவியைக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. கருவி கிடைத்தவர்கள் குறித்த நேரத்துக்குள் வேலையைச் சரியாக முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 3 மடங்கு இருந்தது. அவர்கள் அதிக நேரம் உழைத்ததாலும் இல்லை. தப்பு நடந்த உடனே தெரிந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு வாரம் கழிச்சுத் தெரிஞ்சா, எந்த வரியில் கை வெச்சோம்னே மறந்து போயிருக்கும்.

அப்போ இனிமே கவலையே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது தோழிகளே. ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். 1996 ஜூன் 4ஆம் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியேன் 5' ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 செகண்டில் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனால் நாலு செயற்கைக்கோள்கள் போய்விட்டன.

காரணம் என்ன தெரியுமா? பழைய ஏரியேன் 4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய புரோகிராமை அப்படியே புது ராக்கெட்டிலும் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் அதிகம். அந்த வேகத்துக்கு வந்த பெரிய எண்ணை, 32,767 வரைக்கும்தான் பிடிக்கிற ஒரு சின்ன இடத்தில் போட்டார்கள். படியில் மரக்கால் நெல்லைக் கொட்டின மாதிரி வழிந்துவிட்டது. ராக்கெட்டுக்குத் திசை தெரியவில்லை.

இங்கேதான் கவனிக்கணும். அந்த வரியை யாருமே மாத்தலை! ஃபைல் மாறினாத்தானே டெஸ்ட் தானா ஓடும்? இங்கே மாறினது ராக்கெட். சரி, தினமும் ஓட்டியிருந்தாலும் பழைய ராக்கெட்டின் வேகத்தையே கேள்வியாகக் கேட்டுக்கிட்டிருந்தா பச்சைதான் வந்திருக்கும். புது ராக்கெட்டின் வேகத்தைக் கொடுத்து முன்னாடியே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அப்படி ஒரு சோதனை நடக்கவில்லை என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது.

ஆகவே பரீட்சையைத் திரும்பத் திரும்ப வைக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதுக்கு அலுப்பும் இல்லை, மறதியும் இல்லை. ஆனால் கேள்வித்தாளை மனுஷங்கதான் எழுதணும். 35 வாங்கின பிள்ளையை யாராவது ஒருத்தர் நினைச்சுப் பார்த்து, அந்தக் கேள்வியை எழுதி வெச்சாத்தான் சிவப்பு வரும். யாரும் நினைக்கலைன்னா பச்சையிலேயே அந்தப் பிள்ளை பெயிலாகிவிடும்.

மூளைக்கு வேலை: பஸ் டிக்கெட் போடுகிற ஒரு புரோகிராம். 5 வயசுக்குக் கீழே இலவசம், 5 முதல் 12 வயசு வரை அரை டிக்கெட், அதுக்கு மேல முழு டிக்கெட் என்று வெச்சுக்குவோம். இதுக்கு நீங்க டெஸ்ட் எழுதினா, எந்தெந்த வயசைக் குடுத்துப் பார்ப்பீங்க? குறைஞ்சது நாலு வயசு எழுதி என்கிட்ட குடுங்க. விடை அடுத்த இதழில்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி